தேவையான கருவிகள்: ஒரு கவிதை

இயற்பியல் எடுக்கும் பெருமாள்ராஜ் சாரின் டஸ்டர் மேசை மேல் இருந்தால் அந்தப் பீரியட் அவருடையது. எங்கும் எழுதிவைக்காத சட்டம். மணி அடிப்பதற்கு முன்பே யாராவது ஒரு மாணவி அதைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்துவிடுவாள். மரக்கட்டை வைத்த கனத்த டஸ்டர். கட்டையில் சிவப்பு மையில் அவர் பெயரின் முதலெழுத்து. அந்தப் பீரியடுக்கு உரிய ஆசிரியை வாசல்வரை வந்து, டஸ்டரைப் பார்த்து, வந்த வழியே திரும்பிவிடுவார். பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் அப்படித் திரும்புவது எப்போதும் ஆங்கில ஆசிரியைதான்.

திரும்புவதில் சாலோமிக்கு வருத்தம் எதுவும் இல்லை. சில நாட்களில் அவளே முன்னதாக வந்து, டஸ்டர் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இருந்தால் மனசு லேசாகிவிடும்.

உண்மையில் அவள் ஆங்கில ஆசிரியையே அல்ல. இயற்பியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, பாளையங்கோட்டையில் இந்தப் பெண்கள் பள்ளியின் லேபைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிகமாகச் சேர்ந்தவள். கருவிகளைத் துடைத்து அடுக்குவது, மாணவிகளின் ரெக்கார்டுகளைத் திருத்துவது. யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஆங்கில டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். தலைமை ஆசிரியை கரோலின் டீச்சர் சாலோமியைக் கூப்பிட்டு விட்டார்.

"போன ஞாயித்துக்கிழம இங்கிலீஷ் ஆராதனையில நீதானே வேதபாடம் வாசிச்ச?"

"ஆமா டீச்சர்."

"ஒரு இடத்துலயும் திக்கலையே. அவ திரும்பி வர வரைக்கும் பன்னெண்டாங் கிளாஸ் இங்கிலீஷ நீ பாத்துக்கோ."

"அது சும்மா வாசிக்கதுதான் டீச்சர். மேல பாக்காம வாசிச்சிட்டு எறங்கிருவேன்."

"இங்கயும் அப்படியே வாசி. யாரு வேண்டாம்னா?"

முதல் நாள் வகுப்பில் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரியாததையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"இனிமே இங்கிலீஷ் கிளாஸ்ல என்ன இருக்கும்னு நெனைக்கீங்க?"

வகுப்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஜன்னலோரம் இருந்த ரீபா எழுந்தாள். புன்னக்காயலிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பெண். பயம் என்பதே கிடையாது.

"என்ன இருக்கும் டீச்சர்? ஃபிசிக்ஸ் இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சாலோமிக்கும் சிரிப்பு வந்தது. மறுநாள் ரீபா சொன்னதுதான் நடந்தது. டஸ்டர் வந்துவிட்டது.

அதற்கு ஒரு கணக்கும் இருந்தது. மேற்படிப்புக்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணில் ஆங்கிலம் சேராது. பாஸ் ஆனால் போதும். கைடில் இருக்கும் பத்து பாராவை மனப்பாடம் செய்தால் பாஸ் ஆகிவிடலாம். அதற்கு வீட்டில் உட்கார்ந்தால் போதாதா, வகுப்பு எதற்கு? இப்படி எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாட்டில் ஒரே ஒரு பெண் மட்டும் அடங்கவில்லை.

அர்வா மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வாப்பா ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். பத்தாவதுவரை தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கில வழிக்கு வந்தவள். இயற்பியலில் அவளுக்கு அடுத்த இடத்துக்குத்தான் மற்றவர்கள் போட்டி போடுவார்கள். ஆங்கிலத்தில் காலாண்டிலும் அரையாண்டிலும் ஃபெயில்.

அரையாண்டு மார்க் வந்த அன்று கரோலின் டீச்சர் சாலோமியை மறுபடியும் கூப்பிட்டார்.

"கட்-ஆஃப்ல இங்கிலீஷ் கிடையாதுதான். ஆனா இங்கிலீஷ்ல விழுந்தா மொத்தமா ஃபெயில்னுதான் வரும். பொறவு அந்தப் பிள்ள ஃபிசிக்ஸ்ல நூறு வாங்கி யாருக்குக் காட்ட? மார்ச்சுல அவ பாஸ் ஆகணும். அத மட்டும் பாரு."

சாலோமி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். எப்படிப் பார்ப்பது என்று கேட்க வாய் வரவில்லை.

மத்தியானம் அர்வாவை லேபுக்கு வரச்சொன்னாள். விடைத்தாளை இருவரும் பார்த்தார்கள். ஒவ்வொரு பாராவும் அழகாகத் தொடங்கி, இரண்டு வரி ஓடி, மூன்றாவது வரியின் நடுவில் நின்றிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள்.

"என்ன ஆச்சு?"

"மனப்பாடம் பண்ணதுதான் டீச்சர். ஒரு வார்த்த வழுக்கிரும். அதுக்குப் பொறவு எதுவுமே வராது."

"வேற வார்த்த போட்டு எழுத வேண்டியதுதானே?"

"தப்பாயிரும்லா? 'கவிஞரின் சோகம் வாசகரின் உள்ளத்தை உருக்குகிறது'ன்னு கைடுல போட்டுருக்கு. எனக்கு ஒண்ணும் உருகல. உருகாதத நானா எப்படி எழுத?"

அவள் எதிர்த்துப் பேசவில்லை. தன்னிடம் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் பேசினாள். சாலோமி பதில் தேடிக்கொண்டே மேசை மேல் இருந்த ரெக்கார்டுகளைப் புரட்டினாள். மேலே இருந்ததே அர்வாவுடையது. ஊசல் சோதனை. நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, கண்டவை, முடிவு. பக்கம் முழுக்க ஆங்கிலம். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒன்றுகூட நடுவில் நிற்கவில்லை.

"இத எதப் பாத்து எழுதுன?"

"எதையும் பாக்கல டீச்சர். லேபுக்கு எதுக்கு கைடு? நடந்தத எழுதுதேன்."

அன்று பஸ்ஸில் போகும்போது சாலோமி அந்த வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எழுதுகிறேன். ஒரு கவிதைக்குள் என்ன நடக்கிறது? அவளுக்கே தெரியாது. பள்ளியில் அவளும் கைடை மனப்பாடம் செய்து பாஸ் ஆனவள்தான். பஸ் கொக்கிரகுளத்தைத் தாண்டியபோது அவள் பைக்குள் கையை விட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தை எடுத்தாள். முதல்முறையாக, வகுப்பு எடுப்பதற்காக இல்லாமல், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்பதற்காக.

மறுநாள் அவள் டஸ்டருக்கு முன்பே வகுப்புக்குள் போய், மேசை மேல் கையை ஊன்றி நின்றுகொண்டாள். டஸ்டருடன் வந்த பெண் வாசலில் திகைத்து நின்றாள்.

"சார்ட்ட..." சாலோமியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார்ட்ட, இன்னைக்கு இங்கிலீஷ் இருக்குன்னு சொல்லு."

பின்வரிசையில் யாரோ ஆச்சரியத்தில் விசிலடித்தார்கள்.

கவிதையில் ஒரு கிழவர். ஆற்றில் படகு ஓட்டியவர். சற்றுத் தள்ளி ஒரு பாலம் வந்துவிட்டது, இப்போது படகைத் தேடி யாரும் வருவதில்லை. ஆனாலும் தினமும் இருட்டியதும் துறையில் விளக்கேற்றி, காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசி வரியில், அக்கரையில் ஒரு சின்ன வெளிச்சம் அசைகிறது. அவ்வளவுதான்.

சாலோமி போர்டில் எழுதினாள். நோக்கம்: கிழவர் ஏன் விளக்கேற்றுகிறார் என்று கண்டறிதல். தேவையான கருவிகள்: ஒரு கவிதை, ஒரு அகராதி.

"எனக்கு முடிவு தெரியாது," என்றாள். "நெசமாவே தெரியாது. என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லுங்க. கவிதையில இருக்கணும்."

இது ஏதோ தந்திரம் என்று நினைத்தார்கள் போல. பிறகு ஒருத்தி கேட்டாள். "ஆத்துல தண்ணி இருந்துச்சா டீச்சர்?"

"ஏட்டி, படகு ஓட்டியிருக்காரு, தண்ணி இல்லாமயா?"

"நம்ம ஆத்த வச்சிக் கேட்டேன்ட்டி. மே மாசம் நடந்தே போயிரலாம்."

"பாலந்தான் வந்தாச்சே. மனுசன் அதுல நடந்து போக வேண்டியதுதானே?"

"அவரு போகணும்னு யாரு சொன்னா? அடுத்தவங்க போகத்தான வெளக்கு?"

ரீபா எழுந்தாள். "டீச்சர், டிசம்பர் வெள்ளத்தப்போ எங்க ஊருல கரண்டு இல்ல. சுத்தித் தண்ணி. எங்க பெரியப்பா டார்ச்ச எரிய விட்டு மொட்ட மாடில கட்டி வச்சாவ. அது யாருக்கும் வழி காட்ட இல்ல. நாங்க இங்கன உசுரோட இருக்கோம்னு தெரியணும்லா, அதுக்கு. இந்தத் தாத்தாவும் அப்படித்தான் இருக்கும். ஒரு நாள் வெளக்கு எரியலன்னா யாராச்சும் வந்து பாப்பாவல்ல?"

சாலோமி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒன்று அந்தப் பன்னிரண்டு வரிகளுக்குள் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

"கவிதையில அது இல்லயே," என்றாள் அர்வா, உட்கார்ந்தபடியே.

"என்னட்டி இல்ல?"

"ஒன் பெரியப்பா இல்ல. இந்தத் தாத்தா எதுக்கு ஏத்துதாருன்னு எங்கயும் போடல. அக்கரையில ஒரு வெளிச்சம் அசையுது, அவ்வளவுதான் போட்டுருக்கு. அது யாரோ பதிலுக்குக் காட்டுத வெளிச்சமா, இல்ல இவரு வெளக்கே தண்ணியில தெரியுதா? அது தெரிஞ்சாத்தான முடிவு எழுத முடியும்?"

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாட்களாவது சாலோமி டஸ்டரை முந்திக்கொண்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு நோக்கம், ஒரு முடிவு. அர்வா எழுதினாள். முதலில் ஐந்து வரி, பிறகு பத்து வரி, எதுவும் நடுவில் நிற்கவில்லை. எழுதிய தாளைக் கொடுக்கும்போது அவள் முகத்தில் ரெக்கார்டு கொடுக்கிற அதே அலட்சியம் இருந்தது. சாலோமிக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஸ்டாஃப் ரூமில் பெருமாள்ராஜ் சார் விடவில்லை. "என்னம்மா சாலோமி, கவிதைய வெர்னியர் வச்சு அளக்குதியாமே? எத்தன சென்டிமீட்டர் வந்துச்சு?"

அவள் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். பதில் ஒன்று நாக்குவரை வந்தது. சொல்லவில்லை.

முதல் திருப்புதல் தேர்வின் தாள்களைத் திருத்த மேலப்பாளையத்துப் பள்ளி ஒன்றோடு மாற்றிக்கொள்வது வழக்கம். அங்கே ஆங்கிலம் எடுக்கும் ஹமீது பீவி டீச்சர் திருத்திய கட்டைத் தானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாலோமி தலைமை ஆசிரியை அறைக்குள் நுழைந்தபோது அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் அந்தப் பிள்ளையா? அல்லா, இவ்வளவு சின்னப் பிள்ளையா இருக்கியளே! நீங்களா இப்படிச் சொல்லிக் குடுத்தது? இங்கன பாருங்கம்மா." ஒரு தாளை எடுத்து வாசித்தார். "தேவையான கருவிகள்: ஒரு கவிதை, ஒரு அகராதி, ரீபா. யாரு இந்த ரீபா? பீக்கர் மாதிரி ஏதும் சாமானா?"

பாரா எழுதச் சொன்ன கேள்விக்கு வகுப்பு முழுவதும் நோக்கம், கருவிகள், செய்முறை என்று எழுதியிருக்கிறது. எழுதாதே என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ரெக்கார்டுக்குத் தலைப்பு இருக்கும். அது அவளுக்கு மூச்சு விடுவது போல. ஆங்கிலம் படித்த யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"அதுக்கு என்ன மார்க் போட்டிய டீச்சர்?" கரோலின் டீச்சர் கேட்டார்.

"சுழிதான். பாரான்னா பாரா. நான் சிரிச்சிட்டுப் போட்டேன். மார்ச்சுல திருத்துதவ சிரிக்கக்கூட மாட்டா." அவர் வாசித்த தாளைத் தனியாக எடுத்து வைத்தார். அது அர்வாவுடையது. "இந்தப் பிள்ளைக்கு மட்டும் சுழி போடக் கை வரல. ஆனாலும் போட்டேன். பாஸுக்கு நாலு கம்மி. கவிதைக்கு முடிவு என்ன எழுதியிருக்கா தெரியுமா? 'கொடுக்கப்பட்ட தகவல்களைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை.' இத்தன வருசமா திருத்துதேன், தெரியலன்னு எழுதுன ஒரு தாள நான் பாத்ததில்ல."

"போட்டுக் குடுத்திருக்கலாமே டீச்சர்," என்றாள் சாலோமி. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நான் போட்டா? மார்ச்சுல யாரு போடுவா?"

அவர் போன பிறகு கரோலின் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அடுத்த திருப்புதல்ல அர்வா பாஸ் ஆகலன்னா கைடு வச்சு ஒப்பிக்க வைக்கதுக்கு ஒரு ஆளப் போட்டுருவேன். நீ லேபுக்குப் போயிரு. ஒம்மேல கோவம் இல்ல. ஆனா அந்தப் பிள்ளய வச்சு நாம சோதன பண்ண முடியாது, என்ன?"

அடுத்த நாள் மேசை மேல் டஸ்டர் இருந்தது. சாலோமி வாசலோடு திரும்பினாள். அதற்கு அடுத்த நாளும்.

லேப் வகுப்புக்கு எதிரே இருந்தது. பெருமாள்ராஜ் சாரின் குரலுக்குக் கதவு ஒரு தடையே அல்ல. மூன்றாம் நாள் அவர் எதையோ விளக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு குரல் கேட்டது. அர்வாவுடையது.

"சார், ஒரு சந்தேகம். ஒருத்தர் ஆத்தங்கரையில வெளக்க வச்சிக்கிட்டு நிக்காரு. வெளக்கோட பிம்பம் அக்கரை ஓரத்துல தெரியுமா சார்?"

"இது எந்தப் பாடத்துல வருது?"

ரீபா, "இங்கிலீஷ்ல சார்," என்றாள்.

சாலோமி கையில் பிடித்திருந்த லென்ஸைப் பைய மேசையில் வைத்தாள். திட்டப் போகிறார் என்று நினைத்தாள். சாக்பீஸ் போர்டில் உரசும் சத்தம் கேட்டது.

"இது ஆறு. இது ஆளு. இது வெளக்கு. கோணம் ரெண்டும் சமமா இருக்கணும். அப்போ அவரு கண்ணுக்குப் பிம்பம் எங்கன தெரியும்? இங்கன. வெளக்குக்கு நேர் கீழ, காலடித் தண்ணியில. அக்கரையில எப்படிடி தெரியும்?"

"அப்போ அது வேற வெளக்கு," என்றாள் அர்வா.

"வேற வெளக்குதான். சந்தேகமே இல்ல." சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினார். "யாரோடது?"

"தெரியல சார்."

மணி அடித்ததும் மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். சாலோமி எட்டிப் பார்த்தபோது அர்வா மட்டும் போர்டின் முன் நின்றிருந்தாள். ரீபா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போர்டில் அர்வாவின் விடை முழுவதும் இருந்தது, சுழி வாங்கிய அதே விடை, தலைப்புகளோடு. முடிவு மட்டும் புதிது: 'அது பிம்பம் அல்ல. அக்கரையில் யாரோ இருக்கிறார். யார் என்று கவிதை சொல்லவில்லை. கிழவருக்குத் தெரிந்திருக்கலாம்.'

"டீச்சர், அந்த டீச்சர் உள்ள இருக்கதுக்குச் சுழி போட்டாவளா, மேல இருக்கதுக்கா?"

"மேல இருக்கதுக்கு."

அர்வா மேசையிலிருந்து பெருமாள்ராஜ் சாரின் டஸ்டரை எடுத்தாள். 'நோக்கம்' என்பதை அழித்தாள். 'செய்முறை'யை அழித்தாள். 'கண்டவை', 'முடிவு'. நான்கு இடங்களில் வெள்ளைத் தீற்றல். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. இருவரும் பின்னால் நகர்ந்து நின்று வாசித்தார்கள். ஒரு மனிதர் ஏன் விளக்கேற்றுகிறார் என்ற கேள்வியில் தொடங்கி, ஆறு, பாலம், காற்று, உள்ளங்கை என்று போய், யாரோ இருக்கிறார் என்பதில் நின்றது. இடையில் இரண்டு இடங்களில் மட்டும் ஒட்ட வேண்டியிருந்தது. சாலோமி சாக்பீஸால் இரண்டு சின்ன வார்த்தைகள் சேர்த்தாள்.

பாரா. யார் பார்த்தாலும் பாரா.

சாலோமிக்குத் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ரெக்கார்டு எழுதியே பழகியவளுக்கு, எழுதி முடித்த பிறகு தலைப்பு தேவையில்லை என்பது ஏன் தோன்றவில்லை?

"இந்த வரி இடிக்குதே டீச்சர். ஒரு கவிதை, ஒரு அகராதி, ரீபா. இதையும் அழிச்சிரட்டா?"

"அழிச்சிரு."

"ஏட்டி!" ரீபா சோற்றுக்கையோடு எழுந்தாள். "அந்தப் பெரியப்பா கதைய நாந்தான சொன்னேன்? என்னைய எதுக்கு அழிக்க?"

"ஒன்னய மட்டும் இல்லட்டி, அகராதியையுந்தான் அழிக்கேன்."

சாலோமி அந்த டஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். பெருமாள்ராஜ் சார் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் டஸ்டரை வைத்தாள். திரும்பிப் போகாமல் நின்றாள்.

"சார், திருப்புதல் வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்."

அவர் டஸ்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஏம்மா, கொண்டுவந்து குடுத்துட்டா பீரியட் ஒனக்கா? இது என்ன புதுச் சட்டம்?"

"பழைய சட்டம்தான் சார். டஸ்டர் எங்க இருக்கோ அங்கதான ஒங்க பீரியட்."

அறையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாள்ராஜ் சார் மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "பேசத் தெரியுமா ஒனக்கு?" என்றார். பிறகு டஸ்டரை எடுத்துத் தன் மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். "மார்க் மட்டும் வரல, பாரு, ஒன் பீரியட் என்ன, ஒன் லஞ்ச் பிரேக்கையும் சேத்து எடுத்துருவேன்."

அடுத்து வந்த நாட்களில் வகுப்பு ஒவ்வொரு பாடத்தையும் பழையபடி தலைப்பு போட்டு எழுதியது, பிறகு தலைப்பை அழித்தது. அழிக்க வசதியாகத் தலைப்பை மட்டும் பென்சிலால் எழுதும் வழியை அர்வா கண்டுபிடித்தாள். இரண்டு நாளில் எல்லார் கையிலும் பென்சில் இருந்தது. சாலோமி வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். தேர்வில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை புதிதாக ஏதாவது கேட்டு, அர்வா மறுபடியும் மூன்றாவது வரியில் நின்றுவிட்டால்? அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அவள் ரப்பர் துகள்களை ஊதித் தள்ளிக்கொண்டே போய்விடுவாள்.

இரண்டாம் திருப்புதலில் விளக்குக் கவிதை வரவில்லை. வேறொன்று வந்தது. ஹமீது பீவி டீச்சர் இந்த முறையும் கட்டைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கரோலின் டீச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு தாளாக நகர்த்தினார். சாலோமி நின்றபடி தலைகீழாக எண்களை வாசிக்கப் பார்த்தாள். அர்வாவின் தாள் அடியில் கிடந்தது.

"நாப்பத்தி ரெண்டு," என்றார் கரோலின் டீச்சர். அதைத் தன்னிடமே சொல்லிக்கொள்பவர் போல இன்னொரு தடவை சொன்னார். "பாஸ்."

"இழுத்துப் போட்டதுன்னு நெனைச்சிராதிய," என்றார் ஹமீது பீவி டீச்சர். "எழுதியிருக்கா. அங்கங்க இங்கிலீஷ் நொண்டுது. ஆனா எந்த இடத்துலயும் நிக்கல. கைடுல இருக்க ஒரு வரிகூட இல்ல."



"மார்ச்சு வரைக்கும் நீயே எடு," என்றார் கரோலின் டீச்சர். "லேபுக்கு வேற யாரையாவது பாக்கேன்."

வாசல்வரை வந்த ஹமீது பீவி டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார். "ஆமா, அந்த வெளக்கு என்னாச்சு?"

"எந்த வெளக்கு டீச்சர்?"

"அந்த முடிவு தெரியாத வெளக்கு. எம்பிள்ளைகட்ட கேட்டுப் பாத்தேன். பாதி கிளாஸு அந்தத் தாத்தாவோட பொண்டாட்டின்னு சொல்லுதாளுவ, மீதி கிளாஸு போலீஸுன்னு சொல்லுதாளுவ. ஒங்க கிளாஸ்ல என்ன முடிவாச்சு?"

"பிம்பம் இல்லங்கது வரைக்கும் வந்துருக்கோம்," என்றாள் சாலோமி. "பரிச்ச வந்துட்டு. பொறவு பேசல."

"பேசிட்டுச் சொல்லுங்க. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

மறுநாள் காலை முதல் பீரியட் இயற்பியல். பெருமாள்ராஜ் சார் சாக்பீஸ் பெட்டியும் டிராயரிலிருந்து எடுத்த டஸ்டருமாக வந்தார். வாசலில் நின்றார். மேசையின் நடுவில் ஒரு டஸ்டர் இருந்தது. நீலத் துணி தைத்த புது டஸ்டர். கட்டையில் கறுப்பு மையில் 'சா'.

அவர் வந்த வழியே திரும்பவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். போர்டு ஓரத்தில் சாலோமி நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் நகரவில்லை.

"யாரு டஸ்டர் இது?"

"இங்கிலீஷோடது சார்," என்றாள் ரீபா.

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொண்டார்கள். அர்வா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, சாரையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பத்து நிமிசம் சார்," என்றாள் சாலோமி. "அந்த அக்கரை வெளிச்சம் யாரோடதுன்னு மட்டும்."

பெருமாள்ராஜ் சார் தன் டஸ்டரைப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார், அது கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய், இரண்டு பெண்களை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சாலோமி கவிதையை முதல் வரியிலிருந்து வாசித்தாள். எந்த இடத்திலும் திக்கவில்லை. இந்த முறை நடுவில் இரண்டு தடவை நிமிர்ந்தும் பார்த்தாள். கடைசி வரி முடிந்ததும் முன் வரிசையில் நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றுக்கெல்லாம் முந்தி, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, அந்தப் பாலம் எத்தன நாளைக்கு முன்ன கட்டுனதுன்னு போட்டுருக்கா?"